ஊட்டி ஃபியூஷியா: வெட்டினால் புதராகுமா, பட்டுப்போகுமா?

முத்தியால்பேட்டை மாடி (கேள்வி)

வணக்கம். கடந்த மே மாதம் மலர்க் கண்காட்சி பார்க்க ஊட்டிக்குப் போனபோது சாலையோர நாற்றங்கால் ஒன்றில் 180 ரூபாய்க்கு ஒரு ஃபியூஷியா தொட்டி வாங்கினேன். தலைகீழாகத் தொங்கும் பூ, மேல் இதழ் சிவப்பு, உள்ளே ஊதாப் பாவாடை. மொத்தம் 14 பூக்கள். புதுச்சேரி வந்து சேரும் வரை மடியை விட்டு இறக்கவில்லை. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர், கைக்குழந்தையை விசாரிப்பது போல, "எப்படி இருக்கிறது?" என்று இரண்டு முறை கேட்டார்.

பதினோராம் நாள் ஒரு பூகூட இல்லை. எல்லாம் கொட்டிவிட்டது. பிறகு செடி இரண்டு ஒற்றைத் தண்டாக நெட்டுக்கு வளர்ந்து, நுனியில் மட்டும் இலை வைத்துக்கொண்டு நின்றது. "பாதிக்கு மேல் வெட்டுங்கள், புதராகும்" என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். ஜூன் மாதம் கத்தரியை எடுத்து இரண்டு தண்டையும் ஒரு சாண் உயரத்துக்கு வெட்டினேன். ஒன்று அப்படியே காய்ந்து விறகாகிவிட்டது. மற்றொன்றில் அடியிலிருந்து மூன்று துளிர்கள் வந்தன. அவையும் இப்போது நூல் போல நீண்டுகொண்டே போகின்றன.

எங்கள் வீட்டிலிருந்து கடல் 300 மீட்டர்தான். செடி இருப்பது மொட்டைமாடியில். ஊற்றுவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். இந்த மூன்றையும் மறுபடி வெட்டலாமா? வெட்டினால் எப்போது பூக்கும்? அந்த இடத்தில் கனகாம்பரம் வைத்திருந்தால் இந்நேரம் நான்கு முழம் கட்டியிருக்கலாம் என்று அம்மா தினமும் கணக்குச் சொல்கிறார்.

வில்லியனூர்க்காரன்

உங்கள் அம்மா சொல்வதுதான் சரி. மலைச்செடியை மலையிலேயே பார்த்துவிட்டு வர வேண்டும். ஆகஸ்ட் வரை அது உயிரோடு இருப்பதே பெரிய விஷயம்.

மஞ்சக்குப்பம் பாட்டி

வில்லியனூர்க்காரர் சொல்வதில் முக்கால்வாசி நியாயம் இருக்கிறது. மீதி கால்வாசிக்காக நான் எழுதுகிறேன்.

தம்பி, என் கணவருக்குக் குன்னூரில் வேலை. 19 ஆண்டுகள் அங்கே இருந்தோம். வாசல் வேலியே ஃபியூஷியாதான். நான் அதைக் கவனித்ததுகூட இல்லை, அதுவாகப் பூக்கும். 2009இல் கடலூருக்கு வந்த பிறகுதான் அதன் அருமை தெரிந்தது. அடுத்தடுத்து மூன்று செடிகளைக் கொன்றேன். மூன்றையும் கொன்றது வெயில் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் ஒன்றை வெயிலும், ஒன்றை என் கத்தரியும், ஒன்றை என் தண்ணீர்க் குவளையும் கொன்றன.

முதலில் கத்தரி. இந்தச் செடி புதிதாக வரும் கிளையில்தான் பூக்கும். பழைய குச்சியில் பூ வராது. அதனால்தான் ஊட்டி, குன்னூரில் பனி விலகிய பிறகு ஒட்ட வெட்டிவிடுவார்கள். வெட்டிய இடத்திலிருந்து துளிர்க்க அங்கே குளிர்ந்த மூன்று மாதங்கள் அதற்குக் கிடைக்கின்றன. நீங்கள் வெட்டியது புதுச்சேரியின் ஜூன் மாதத்தில். இலை ஒன்றுகூட மிஞ்சாமல் வெட்டினால், அந்த வெக்கையில் துளிர்விடத் தேவையான சத்தைக் குச்சி எங்கிருந்து எடுக்கும்? வெட்டச் சொன்னவர்மேல் தவறில்லை. அவர் ஊரில் அது சரி.

இனிமேல் வெட்ட வேண்டாம், கிள்ளுங்கள். இரண்டும் வேறு வேறு. தண்டின் நுனியைக் கண்ணுக்கு நெருக்கமாக வைத்துப் பாருங்கள். இலைகள் எதிரெதிரே ஜோடியாக இருக்கும் (சில வகைகளில் மும்மூன்றாக). ஒவ்வோர் இலைக்காம்பும் தண்டோடு சேரும் கக்கத்தில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு பச்சைப் புள்ளி தெரியும். அது தூங்கிக்கொண்டிருக்கும் கிளை. நுனி இருக்கும் வரை அது எழுந்திருக்காது. நுனியில் சுரக்கும் ஒரு பொருள் கீழே இறங்கி, கீழுள்ள மொட்டுகளை அடக்கி வைக்கிறது. மூத்த மருமகள் இருக்கும் வரை இளையவள் வாய் திறக்காத வீட்டைப் போல. இரண்டு அல்லது மூன்று ஜோடி இலைகளை விட்டுவிட்டு, அதற்கு மேலுள்ள பிஞ்சு நுனியைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளி எடுங்கள். கத்தரி தேவையே இல்லை, முருங்கைக் கொழுந்து கிள்ளுவது போலத்தான். இரண்டு பக்கமும் கிளை வரும். அவை இரண்டு ஜோடி இலை விட்டதும் அவற்றையும் கிள்ளுங்கள். உங்களிடம் இருக்கும் மூன்று தண்டு ஆறாகும், ஆறு பன்னிரண்டாகும். பூ வருவது நுனிகளில்தான். நுனி எத்தனையோ, அத்தனைக்குத் தக்கபடி பூ.

ஆனால் ஒவ்வொரு முறை கிள்ளும்போதும் பூவைத் தள்ளிப்போடுகிறீர்கள். கடைசியாகக் கிள்ளிய நாளிலிருந்து ஒற்றை அடுக்குப் பூ வகைக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அடுக்குப் பூ என்றால் இன்னும் கூடும். ஊட்டியில் எந்த மாதம் என்று யோசிக்க வேண்டியதில்லை. நம் ஊரில் யோசிக்காவிட்டால் எல்லாம் வீண். வெப்பம் 27, 28 டிகிரியைத் தாண்டத் தாண்ட இது மொட்டு வைப்பதைக் குறைத்துக்கொள்ளும், வைத்ததையும் உதிர்க்கும். நமக்கு இரவு 21, 22க்கு இறங்கும் காலம் மார்கழியும் தையும்தான். அங்கிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஐப்பசி முடிவோடு கிள்ளுவதை நிறுத்திவிட வேண்டும். தீபாவளிக்குப் பிறகு நகத்தைக்கூட வெட்டிக்கொள்ளுங்கள், கை சும்மா இருக்காது.

அடுத்து தண்ணீர். மதியத்தில் இலை துவண்டு தொங்கும். பார்த்ததும் மனம் பதறி ஒரு குவளை ஊற்றுவோம். மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் அந்தத் துவளல் தாகம் அல்ல, வெக்கை. அப்போது மேலும் ஊற்றினால் வேர் அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, இலை மேலும் துவளும், நாமும் மேலும் ஊற்றுவோம். என் மூன்றாவது செடி போன கதை இதுதான். தொட்டியை நிழலுக்குத் தள்ளி, சுற்றியுள்ள தரையை நனைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். மாலையில் தானே நிமிரும்.

மொட்டைமாடியிலிருந்து இன்றே இறக்குங்கள். காலை எட்டு மணி வரை வெயில் படும் கிழக்கு வராந்தா போதும். தொட்டியின் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா? கடலோரத்து ஆழ்துளைத் தண்ணீர் என்கிறீர்கள், நிச்சயம் இருக்கும். ஆவணியில் மாலை மழை வரும்போது வாளியில் பிடித்து வைத்து அதை ஊற்றுங்கள். முதல் முறை தொட்டியின் அடித்துளை வழியே நன்றாக வழிந்தோடும்படி ஊற்றினால் உப்பு கரைந்து இறங்கும்.

நான்காவது செடி எனக்குப் பூத்தது. 2011 மார்கழி, போர்டிகோவில் 20க்கும் மேற்பட்ட மொட்டுகள். டிசம்பர் 30 காலையில் 'தானே' என்று பெயரிட்ட புயல் வந்தது. தொட்டி அடுத்த வீட்டுத் துணி துவைக்கும் கல்லருகே கிடந்தது. செடியில் ஓர் இலை இல்லை. அந்தப் புயலில் எங்கள் மாவட்டத்தில் பலா, முந்திரி எல்லாம் வேரோடு போனவர்களுக்கு முன்னால் ஃபியூஷியாவுக்காக அழ முடியுமா? உள்ளே போய் அழுதேன்.

முத்தியால்பேட்டை மாடி

பாட்டி, நீங்கள் சொன்னது போல விளிம்பில் வெள்ளை உப்பு இருக்கிறது. நகத்தால் சுரண்டினால் மாவு போல வருகிறது. இத்தனை நாள் அதைச் சுண்ணாம்பு என்று நினைத்திருந்தேன். தொட்டியை வராந்தாவுக்கு இறக்கிவிட்டேன். கிள்ளும் நுனிகளை எறிந்துவிடுவதா? நட்டால் வருமா?

மஞ்சக்குப்பம் பாட்டி

கிள்ளிய பிஞ்சு சிறியது, அது வராது. மூன்று தண்டில் மிக நீண்டதை மட்டும் விரல் நீளத்துக்கு, கணுவுக்குச் சற்றுக் கீழே நறுக்கி எடுங்கள். மொட்டு இருக்கக் கூடாது. கீழ் இலைகளை நீக்கிவிட்டு, தேங்காய்நார்த் தூளும் ஆற்று மணலும் சமமாகக் கலந்து ஊன்றுங்கள். அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலைத் தொப்பி போலக் கவிழ்த்து, மூடியை மட்டும் திறந்து வையுங்கள். மூடியும் இருந்தால் நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சணம் பிடிக்கும். மூன்று நான்கு வாரத்தில் வேர்விடும். எப்படியும் இரண்டு மூன்று குச்சி ஊன்றி வையுங்கள். தாய்ச்செடி ஐப்பசி மழையைத் தாண்டும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.

இன்னொன்று. பூ வந்து வாடியதும் இதழை மட்டும் உருவாதீர்கள். பூவுக்கு மேலே காம்போடு ஒரு பச்சை மணி இருக்கும், அதையும் சேர்த்துக் கிள்ளுங்கள். அதுதான் காய். விட்டால் கறுத்துப் பழுக்கும், செடி விதையில் மும்முரமாகிப் பூவை மறந்துவிடும். பழத்தைத் தின்னலாம். என் மகள் சிறுவயதில் தின்றுவிட்டு ஊதா நாக்கை நீட்டிக் காட்டுவாள். ருசி ஒன்றும் பிரமாதமில்லை.

வாழைப்பழத் தோலை ஊறவைத்து ஊற்றச் சொல்லி யாராவது வருவார்கள். எனக்கு அதில் எறும்பைத் தவிர எதுவும் வந்ததில்லை.

முதுநகர் மல்லிகை

பாட்டி சொன்ன "புதுக் கிளையில்தான் பூ" என்பது எங்கள் தொழிலின் பிழைப்பே. என்னிடம் பத்து சென்டில் குண்டுமல்லி இருக்கிறது. நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டுக் கவாத்து செய்து, இலைகளையும் உருவிவிடுவோம். பார்க்கிறவர்கள் வயிறு எரிவார்கள். மார்ச்சில் அந்த மொட்டைக் குச்சிகள்தான் கூடை நிறைக்கும். ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. 2024இல் நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது அல்லவா, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. நல்லவேளை நான் அதுவரை கத்தரியைத் தொடவில்லை. ஈரத்தில் வெட்டினால் வெட்டுவாயில் நோய் இறங்கும். தண்ணீர் வடிந்து இரண்டு வாரம் கழித்துத்தான் வெட்டினேன். பூ தள்ளிப்போனது, செடி போகவில்லை.

தம்பி, உங்களுக்குத் தொங்கும் பூதான் ஆசை என்றால் ஜிமிக்கிச் செம்பருத்தி வையுங்கள். நீண்ட காம்பில் தலைகீழாகத் தொங்கும், இதழெல்லாம் கிழித்துவிட்டது போல நார்நாராகப் பின்னால் சுருண்டிருக்கும், நடுத்தண்டு கீழே நீண்டு ஆடும். இதுவும் வெளியூர்தான், கிழக்கு ஆப்பிரிக்கா. ஆனால் நம் வெயில் அதற்குப் பொருட்டே இல்லை. மழைக்காலம் முடிந்ததும் மாசியில் மூன்றில் ஒரு பங்கு வெட்டிவிட்டால் ஆண்டு முழுக்க ஓயாது. மாவுப்பூச்சி மட்டும் வரும், தண்ணீரில் கொஞ்சம் வேப்பெண்ணெயும் துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் அடித்தால் போதும். தேன்சிட்டு தினமும் வரும். என்னிடம் பெரிய மரமாகவே நிற்கிறது, குச்சி தருகிறேன்.

வில்லியனூர்க்காரன்

நானும் இதைத்தான் சுருக்கமாகச் சொன்னேன்.

முத்தியால்பேட்டை மாடி (ஜனவரி)

எல்லாருக்கும் பொங்கல் வாழ்த்துகள். நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ஊன்றிய மூன்று குச்சியில் ஒன்று பூஞ்சணத்தில் போனது. நான்தான், பாட்டி. இரண்டு நாள் வெளியூர் போனபோது காய்ந்துவிடுமோ என்று மூடியைத் திருகிவிட்டுப் போனேன். தாய்ச்செடியை ஆவணி முதல் ஐப்பசி வரை மூன்று முறை கிள்ளினேன், பதினொரு நுனி வந்தது. நவம்பர் மழையில் நான்கு நாள் விடாமல் சாரல் வராந்தாவுக்குள் அடித்தது. தொட்டியை உள்ளே எடுக்க நினைத்தேன், எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் அடித்தண்டு கறுத்து, தொட்டதும் சாய்ந்துவிட்டது.

குச்சியிலிருந்து வந்த இரண்டும் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரே முறைதான் கிள்ள நேரம் இருந்தது. ஒன்றில் நான்கு மொட்டு, மற்றொன்றில் மூன்று. முதல் பூ போகி அன்று காலை விரிந்தது. ஊட்டியில் பார்த்ததில் முக்கால் அளவுதான், ஊதாவும் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. அம்மா குனிந்து, அண்ணாந்து பார்த்துவிட்டு, "சாமிக்கும் வைக்க முடியாது, தலையிலும் வைக்க முடியாது, இதற்கா ஆறு மாதம்?" என்றார். மாலையில் எதிர்வீட்டு அக்காவை அழைத்து வந்து, பாவாடையைத் தூக்கிவிடுவது போல ஒற்றை விரலால் பூவை நிமிர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார்.

முதுநகர் அண்ணா, செம்பருத்திக் குச்சிக்கு ஞாயிற்றுக்கிழமை வரலாமா?

மஞ்சக்குப்பம் பாட்டி

ஏழு மொட்டா! வாடியதும் மணியோடு கிள்ளுங்கள், மறக்காதீர்கள். மாசி பிறந்ததும் மறுபடி குச்சி ஊன்றி வையுங்கள், மே மாதம் இதுவும் போகும்.

முதுநகர் மல்லிகை

இந்த ஞாயிறு வேண்டாம், மாசியில் மரத்தை வெட்டும்போது வாருங்கள். பென்சில் கனக் குச்சியாகப் பார்த்துத் தருகிறேன். சுற்றி எடுத்துப்போக ஒரு பழைய சாக்கு கொண்டுவாருங்கள், நனைத்துத் தருகிறேன். பாட்டி, நீங்கள் மஞ்சக்குப்பம்தானே, உங்களுக்கும் ஒரு குச்சி எடுத்து வைக்கவா?