காட்டு ரோஜாப் பழத்தில் வைட்டமின் சி

கேள்வி: தென்னாப்பிரிக்காவை ஒட்டிய லெசோத்தோ நாட்டின் மலைப்பகுதியில் பறித்து உலர்த்திய காட்டு ரோஜாப் பழங்களை டர்பனிலுள்ள என் அம்மாவுக்கு உறவினர் ஒருவர் கொடுத்திருக்கிறார். வைட்டமின் சி மாத்திரைக்குப் பதிலாக இதன் தேநீரையே நம்பலாமா?

பதில்: பச்சைப் பழத்தில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 400 மில்லிகிராம், அதாவது ஆரஞ்சைவிடப் பல மடங்கு உண்டு, ஆரஞ்சு அரிதாகிவிட்ட இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரிட்டனில் குழந்தைகளுக்கு இதன் பாகைக் கொடுத்தார்கள். ஆனால் உலர்த்தும்போதும் கொதிக்கவைக்கும்போதும் இச்சத்து கணிசமாக அழிந்துவிடுவதால், தேநீரை மட்டும் நம்ப வேண்டாம்.

பதில்: அக்கா, பழத்தைப் பிளந்தால் விதைகளைச் சுற்றி மெல்லிய முடிகள் தெரியும். அவை தொண்டையை அரிக்குமாதலால், நெருக்கமான துணியில் வடிகட்டியே அம்மாவுக்குக் கொடுங்கள்.

பதில்: கொய்யாவிலும் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. டர்பன் அமைந்துள்ள நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் எளிதாகக் கிடைக்கும் அதைப் பச்சையாகவே உண்ணலாம் என்பதால், அம்மாவுக்கு நான் அதையே முதலில் கொடுப்பேன்.