என் பேர்ல ஒரு பேப்பர்: வெளிநாடு போன அக்கா தங்கச்சிங்க உங்க கதைய சொல்லுங்க

தண்டையார்பேட்டை பொண்ணு:

எல்லாருக்கும் வணக்கம். நேத்து எங்க அம்மா போன்ல பேசும்போது "நீ எப்போடி அந்த ஊரு பழகுன"ன்னு சாதாரணமா கேட்டாங்க, எனக்கு சட்டுனு பதில் வரல, ராத்திரி பூரா அதே நெனப்பு, அதான் இங்க கேக்கறேன். போன ஊர்ல உங்களுக்கு கால் ஊனுச்சுன்னு எப்போ தெரிஞ்சுது? மொதல்ல என்னோடத சொல்லிடறேன்.

கல்யாணத்துக்கு முன்னாடி நம்ம சென்னை பாரிஸ் கார்னர்ல, ஹார்பர் சரக்க கஸ்டம்ஸ்லேருந்து எடுத்து குடுக்கற ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் பாத்தேன். கல்மண்டபத்துல ஷேர் ஆட்டோ புடிச்சு, ஹார்பர் கண்டெய்னர் லாரிங்க வரிசையா நிக்கிற தூசில துப்பட்டாவ மூஞ்சில சுத்திக்கினு போயிட்டு வருவேன். மாசம் 11,000 ரூபா, பாதி அம்மா கைல, ஒரு சீட்டு, மீதி என்னுது. யார் கிட்டயும் கை நீட்டுனதில்ல.

2013ல கல்யாணம் ஆகி நியூ ஜெர்சி போனேன். அவருக்கு ஹெச்1பி, அது வேலை விசா, எனக்கு ஹெச்4, அது கூட போற மனைவிக்கு தர்ற விசா. அதுல போனா வேலைக்கு போகக்கூடாதுன்னு தெரியும், ஆனா அது எவ்ளோ தூரம் வந்து இடிக்கும்னு தெரியாது. வேலை செய்ய அனுமதி இல்லாததால சோஷியல் செக்யூரிட்டி நம்பர் கெடையாது, நம்ம ஆதார் மாதிரி அந்த ஊரு அடையாள நம்பர், அந்த நம்பர் இல்லன்னா அங்க எல்லாமே இழுபறி தான், போன் அவர் பேர்ல, வாடகை அக்ரிமெண்ட் அவர் பேர்ல, கரண்ட் பில் அவர் பேர்ல, வீட்ல என் பேர் போட்டதுன்னு பாத்தா பாஸ்போர்ட்டும் டிகிரி சர்டிபிகேட்டும் தான். அவர் நல்ல மனுஷன், ஒரு வார்த்த கடுமையா பேசினதில்ல. ஆனா மாசாமாசம் நாப்கின் வாங்க "ஒரு 20 டாலர் குடுங்க"ன்னு கேக்கும்போது தொண்டைல வந்து நிக்கும். பனிக்காலத்துல நாலரை மணிக்கே இருட்டிடும், ஜன்னலாண்ட நின்னா ரோட்ல ஒரு ஆள் இருக்கமாட்டாங்க. எங்க தெருவுல தண்ணி லாரி வந்தா கொடம் கொடமா இடிச்சுக்கும், அந்த சத்தத்துக்கு ஏங்கி அழுதிருக்கேன்.

பக்கத்து வீட்டு குஜராத்தி ஆன்ட்டி தான் "மொதல்ல லைசன்ஸ் எடு"ன்னு தள்ளி விட்டாங்க. அதுக்கும் அந்த நம்பர கேப்பாங்க, நமக்கு அது கெடைக்காதுன்னு சோஷியல் செக்யூரிட்டி ஆபீஸ்லயே ஒரு லெட்டர் தருவாங்க, அத எடுத்துக்கினு போனா போதும். "உனக்கு தகுதி இல்ல"ன்னு எழுதி குடுத்த லெட்டர், அத கைல வச்சிக்கினு வெளிய வந்து பெஞ்ச்ல உக்காந்து நாலு தடவ படிச்சேன், ஏன்னா அந்த நாட்ல என் பேர் போட்டு வந்த மொத கவர்மெண்ட் பேப்பர் அது தான். ரோடு டெஸ்ட்ல பேரலல் பார்க்கிங்ல கம்பத்த இடிச்சு ஒரு தடவ பெயில், ரெண்டாவது தடவ பாஸ். விசா தேதி முடியிற அன்னிக்கே லைசன்சும் முடியும்னு அதுலயே போட்டிருந்தாங்க, இருந்தாலும் அடுத்த நாளே நானே வண்டிய எடுத்துக்கினு இந்தியன் கடைக்கு போயி நெத்திலி கருவாடு வாங்கினு வந்தேன். ஸ்டியரிங்க இறுக்கி புடிச்சு புடிச்சு உள்ளங்கை செவந்து போச்சு.

அப்புறம் 2015 மே மாசம் சட்டம் மாறுச்சு. ஹெச்1பில இருக்கறவங்களுக்கு கிரீன் கார்டுக்காக கம்பெனி போட்ற ஐ-140 மனு அப்ரூவ் ஆகியிருந்தா ஹெச்4 மனைவி வேலை அனுமதி கார்டுக்கு அப்ளை பண்ணலாம். இவருக்கு ஆகியிருந்துது. கார்டு தபால்ல வந்த அன்னிக்கு அத அரிசி டப்பாக்குள்ள வச்சேன், எங்க அம்மா நகைய வைக்கிற எடம் அது. ஒரு லாரி கம்பெனில அக்கவுண்ட்ஸ் வேலை, திரும்ப அதே லாரி கணக்கு. மொத சம்பளத்துல அம்மாவுக்கு வாஷிங் மெஷின். அப்போ தான்னு நெனக்கிறேன் எனக்கு கால் ஊனுனது.

காசிமேடு அக்கா:

தங்கச்சி, நான் ஏழாவது வரைக்கும் தான் படிச்சேன், என் பொண்ணு தான் டைப் பண்ணுது. நான் குவைத்து போனவ. ஊட்டுக்காரரு செத்துப்போனப்புறம் ஏலத்துல மீனெடுத்து அன்னக்கூடைல வச்சு வித்துக்கினு இருந்தேன், கடன் தாங்கல. ஒரு ஏஜென்ட்டு 60,000 கேட்டான், விசிட் விசால துபாய் போயிரு அங்கேருந்து மாத்தி உட்றேன்னான். எங்க தெருவுல ஒரு அக்கா அப்டி போயி மாட்டிக்கினு வந்தவ, அவ தான் என் கைய புடிச்சு சத்தியம் வாங்குனா, போவாதன்னு. பத்தாவது பாஸ் பண்ணாதவங்க பாஸ்போர்ட்டுல ஈசிஆர்னு இருக்கும், சில நாட்டுக்கு வேலைக்கு போவ கவர்மெண்டு அனுமதி வோணும்னு அர்த்தம், அதுல ஊட்டு வேலைக்கு போற பொம்பளைக்கு 30 வயசு ஆவணும், காண்ட்ராக்ட்டு கவர்மெண்டு கம்ப்யூட்டர்ல ஏறணும். இதெல்லாம் தெரியாம எத்தினி பேரு கஷ்டப்பட்றாங்க. நம்ம தமிழ்நாட்டு கவர்மெண்டு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் மூலியமா 2018ல போனேன்.

அங்க ஊட்டுக்காரம்மாவ மாமான்னு கூப்புடணும், ஐயாவ பாபான்னு. நம்ம ஊர்ல மாமான்னா யாரு, எனக்கு வாய் வரவே ஒரு வாரம் ஆச்சு. போன அன்னிக்கே பாஸ்போர்ட்ட வாங்கி பீரோல வச்சு பூட்டிட்டாங்க. அட்ச்சாங்கன்னு சொல்லமாட்டேன், சாப்பாடும் குட்த்தாங்க, ஆனா வெள்ளிக்கெழமைல கூட வேல, சொந்தக்காரங்க அத்தினி பேரும் அன்னிக்கு தான் வருவாங்க. குப்ப போட கீழ எறங்கறப்ப பக்கத்து ஊட்ல வேல செய்ற கடப்பா அக்காவ பாப்பேன், அந்த ஊர்லேருந்து குவைத்துக்கு நெறைய பேரு வர்றாங்க. அது தெலுங்குல சொல்லும், நமக்கு நம்ம பக்கத்துல புழங்குற தெலுங்கு புரியுமே. 2015லயே அங்க சட்டம் போட்டாங்களாம், பாஸ்போர்ட்ட அவுங்க வச்சிக்கக்கூடாது, வாரத்துல ஒரு நாள் லீவு, 12 மணி நேரத்துக்கு மேல வேல வாங்கக்கூடாது, முட்ச்சு கெளம்புறப்ப வருசத்துக்கு ஒரு மாச சம்பளம் தரணும்.

கேக்க தைரியம் வர்றதுக்கு எட்டு மாசம் ஆச்சு. ஒரு நாள் மாமா டீ குடிச்சிக்கினு இருந்துது, காலு வெடவெடன்னு ஆடுது, "மாமா, அனா அபி ஜவாஸ்"னு சொல்லிட்டேன். எனக்கு பாஸ்போர்ட்டு வோணும்னு. அது கப்ப கீழ வச்சிட்டு என்ன பாத்துது பாத்துது, ஒண்ணும் சொல்லல. மூணு நாளு கழிச்சு அடுப்பு மேடைல கொண்டாந்து வச்சிட்டு போச்சு. நான் அத ஜாக்கெட்டுக்குள்ள வச்சிக்கினு தான் அன்னிக்கு முழுக்க பாத்திரம் தேய்ச்சேன். 2022ல வந்தேன், வர்றப்ப அந்த வருசக்கணக்கு காசையும் கேட்டு வாங்குனேன், இப்போ மார்க்கெட்ல சொந்தமா ஐஸ் பொட்டி, தராசு.

திருவொற்றியூர் தங்கச்சி:

ரெண்டு பேரோடதையும் படிச்சிட்டு அழுதுட்டேன் அக்கா. எனக்கு தை மாசம் கல்யாணம், ஹெச்4ல டெக்சாஸ் போறேன். என்ன எடுத்துட்டு போகணும், கொஞ்சம் சொல்லுங்களேன்.

தண்டையார்பேட்டை பொண்ணு:

கண்ணு, ஊறுகா அங்கயே கெடைக்கும். காலேஜ் மார்க்ஷீட், டிரான்ஸ்கிரிப்ட், வேலை பாத்த லெட்டர், கல்யாண சர்டிபிகேட் எல்லாம் ஒரிஜினல் எடுத்துக்கோ. இங்க உன் பேங்க் அக்கவுண்ட்ட மூடாத. ஹெச்4ல படிக்கலாம், தடை இல்ல. பாஸ்போர்ட் உன் பைல தான் இருக்கணும், மாமியார் பத்திரமா வச்சிக்கறேன்னு கேட்டாலும் சிரிச்சுக்கினே வேணாம் அத்தைன்னு சொல்லிடு. இன்னொண்ணு, உனக்கு தேவைப்படவே கூடாது, ஆனா தெரிஞ்சு வச்சிக்கோ: புருஷன் அடிச்சு கொடுமப்படுத்துனா ஹெச்4 பொண்ணு அவர் தயவு இல்லாம தானே வேலை அனுமதி கேக்க தனி பாரம் இருக்கு, ஐ-765வி. எனக்கு தெரிஞ்ச ஒரு பொண்ணு விசா போயிடும்னு பயந்து ரெண்டு வருஷம் அடி வாங்குச்சு, அதுக்கு இத யாரும் சொல்லல. எனக்கும் அப்போ தெரியாது, அது இன்னும் மனசுல கெடக்குது.

வியாசர்பாடி பேத்தி:

நான் எங்கயும் போகல, எங்க ஆயா வந்தாங்க. பர்மால, ரங்கூன்ல பொறந்தவங்க. 1962ல அங்க ராணுவ தளபதி நே வின் ஆட்சிய புடிச்சு, அப்புறம் கடைங்கள எல்லாம் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, 1964ல பர்மா காசுல 50 சாட், 100 சாட் நோட்டு செல்லாதுன்னு ஒரே நாள்ல சொல்லிட்டாங்க. தாத்தாவோட அரிசிக்கடை பணம் பூரா நூறு சாட் நோட்டு தான். கப்பல் ஏறும்போது கம்மல கழட்ட சொல்லிட்டாங்களாம், காது ஓட்டை தூந்துடக்கூடாதுன்னு வேப்பங்குச்சி சொருகிக்கினு மெட்ராஸ்ல எறங்குனாங்க. "சொந்த ஊருக்கு வந்துட்ட"ன்னு எல்லாரும் சொன்னாங்க, ஆனா அவங்களுக்கு இது தான்மா வெளிநாடு. கொழாயடில "பர்மாக்காரி, நீ பின்னாடி நில்லு"ம்பாங்களாம், அத ஆயா சாவற வரைக்கும் சொல்லுவாங்க.

அவங்களுக்கும் பேப்பர் தான். ரேஷன் கார்டு வந்த அன்னிக்கு படிக்க தெரிஞ்ச பையன கூப்ட்டு அவங்க பேர மட்டும் மூணு தடவ படிக்க சொன்னாங்களாம். அப்புறம் தாத்தா கூட அத்தோ வண்டி போட்டாங்க, நூடுல்ஸ்ல கோஸு, வெங்காயம், பொரிச்ச பூண்டு, புளித்தண்ணி எல்லாம் போட்டு கையாலயே பெசஞ்சு, கூட வாழத்தண்டு சூப்பு. பின்னாடி நில்லுன்னு சொன்ன அதே பொம்பளைங்க சாயங்காலம் தட்டு எடுத்துக்கினு வண்டி முன்னாடி நிப்பாங்க. இப்போ அதே வண்டில நானும் எங்க சித்தியும் தான் போட்றோம்.

காசிமேடு அக்கா:

எங்கம்மா வண்டி போட்றீங்க? ஞாயித்துக்கெழம ஏலம் முட்ச்சிட்டு பொண்ண இட்டுனு வரேன். சூப்புக்கு எறா போடுவியா, நான் எட்த்தாரேன்.