ரிப்ளை 1988: ரெண்டாவது எபிசோட்ல அந்த அப்பா ஏன் எழவு வீட்ல சிரிச்சுப் பேசுறாரு?

மழைக்காலம்:
நெட்ஃபிளிக்ஸ்ல ரிப்ளை 1988ங்கிற கொரியன் சீரியல் இப்பதான் ஆரம்பிச்சிருக்கேன். முதல் எபிசோடே அழ வச்சிருச்சு. நடுப்பொண்ணு டக்சனோட பர்த்டேவ வருஷா வருஷம் அக்கா போராவோட பர்த்டே கூட சேர்த்து ஒரே கேக்ல முடிச்சிடுறாங்க, முட்டை பொரிச்சா அக்காவுக்கும் தம்பிக்கும்தான், கோழிக்காலும் அவங்களுக்குத்தான், இவ எதையும் கேக்க மாட்டான்னு அவங்களே முடிவு பண்ணிக்கிறாங்க. நானும் நடுப்பிள்ளை, எங்க வீட்டுக் கதையையே பாத்த மாதிரி இருந்துச்சு.

ஆனா ரெண்டாவது எபிசோட்ல பாட்டி தவறிப்போனதா சேதி வந்து குடும்பமே ஊருக்குப் போகுது. அங்க பாத்தா வீடு நிறைய ஆளுங்க, சாப்பாடு, குடி, விளையாட்டுன்னு ஓடுது, அப்பா எல்லார் கூடவும் சிரிச்சு சிரிச்சுப் பேசிட்டு இருக்காரு, அத்தைங்களும் அப்படித்தான். டக்சனுக்கு வந்த மாதிரியே எனக்கும் கோவம் வந்துருச்சு. பெத்த தாய் செத்துக் கெடக்கும்போது எப்படிங்க சிரிப்பு வரும்? கொரியால வழக்கமே இப்படியா இல்ல இந்த அப்பா கேரக்டரே இப்படியா? பாதியில நிறுத்திட்டேன். மேல பாக்கலாமா, அப்புறம் அம்மா கூட உக்காந்து பாக்குற மாதிரி இருக்குமா, இல்ல போகப்போக வெறும் லவ் ஸ்டோரியா போயிடுமா?

தாமிரபரணி:
ஐயோ அந்த எடத்துலயா நிறுத்துனீங்க! தயவுசெஞ்சு மிச்சத்தப் பாருங்க.

அங்க துக்கம் பொதுவா மூணு நாள். வர்றவங்க மொதல்ல இறந்தவங்க போட்டோ முன்னாடி விழுந்து கும்பிடுவாங்க, அப்புறம் வீட்டுக்காரங்களுக்கும் ஒரு கும்பிடு, வெள்ளைக் கவர்ல பணம் வைப்பாங்க. அதுக்கப்புறம் அவங்களுக்கு சாப்பாடு போட்டு, சோஜுன்னு அவங்க ஊர் சாராயம் ஊத்திக் குடுத்து உபசரிக்கிறது பிள்ளைங்க பொறுப்பு. காரமா மாட்டுக்கறி சூப் ஒண்ணு வைப்பாங்க. அப்பல்லாம் ராத்திரி முழுக்க ஆளுங்க தங்கி ஹ்வாதூன்னு ஒரு சீட்டு ஆடுவாங்க, துக்க வீடு வெறிச்சுன்னு கெடக்கக் கூடாதுன்னுதான். அப்போ அந்த அப்பா எங்க போயி அழுவாரு சொல்லுங்க? வர்ற ஒவ்வொருத்தரையும் பாத்து சாப்டீங்களான்னு கேக்க வேண்டிய எடத்துல நிக்கிறாரு.

அமெரிக்காவுல இருந்து பெரியப்பா வந்து சேர வேண்டியது பாக்கி இருக்கு. அதுக்கு மேல நான் சொல்ல மாட்டேன்.

காங்கேயத்தான்:
இத படிச்சதும் எங்க அப்பத்தா இறந்த நாள் ஞாபகம் வந்துருச்சுங்க. அப்ப நான் ப்ளஸ் டூ. எங்கப்பா காலையில இருந்து ஒரு சொட்டு கண்ணீர் விடல, தோள்ல ஒரு துண்டு, கையில ஒரு சின்ன நோட்டு, பந்தக்காரருக்கு எவ்வளவு, ஐஸ் பொட்டிக்கு எவ்வளவு, டீ கேன் இன்னொண்ணு சொல்லணுமான்னு எழுதிட்டே இருந்தாரு, பழைய கூட்டாளி யாரோ வந்தப்ப சத்தமா சிரிக்கக் கூட செஞ்சாரு. நான் பேசாம மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். மத்தியானம் அப்பத்தாவோட அண்ணன், எண்பது தாண்டினவரு, பொறந்த வீட்டுக் கோடி எடுத்துக்கிட்டு தெரு முனையில எறங்கி மெல்ல நடந்து வந்தாரு. அப்பா அவரப் பாத்ததும் நோட்டக் கீழ போட்டுட்டு ஓடிப்போயி மாமான்னு காலக் கட்டிக்கிட்டு கத்துனாரு பாருங்க, ஐம்பது வயசு ஆளு, அப்படி ஒரு அழுகைய நான் அதுக்கு முன்னாடியும் கேட்டதில்ல பின்னாடியும் கேட்டதில்ல. அந்த நோட்டு இன்னும் எங்க பீரோவுல இருக்கு, டீ பாக்கி 340 ரூபான்னு எழுதி அடிச்சிருக்கும்.

அதனால அந்த எபிசோட்ல அண்ணன் வர்ற சீன என்னால உக்காந்து பாக்க முடியல, எந்திரிச்சு வெளிய போயிட்டேன்.

புத்தகப்புழு:
அம்மா கூட தாராளமா பாக்கலாம். 2015 நவம்பர்ல ஆரம்பிச்சு 2016 ஜனவரியில முடிஞ்ச சீரியல், மொத்தம் 20 எபிசோட், ஒவ்வொண்ணும் சுமார் ஒன்றரை மணி நேரம் ஓடும், அதனால பொறுமை வேணும். சியோல்ல ஸ்ஸாங்முன்-டாங்ல ஒரே சந்துல அஞ்சு குடும்பம், அவ்வளவுதான் கதை. டக்சன் அப்பா பேங்க்ல வேலை பாக்குறவரு, ஆனா யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டு சம்பளமெல்லாம் கடனுக்கே போகுது, குடும்பமே பாதி தரைக்குக் கீழ இருக்குற வீட்ல வாடகைக்கு இருக்கு. ஜாமீன் போட்டு சீரழிஞ்ச ஒரு சித்தப்பாவோ மாமாவோ இல்லாத குடும்பம் நம்ம பக்கம் இருக்கா?

அந்த முதல் எபிசோட்லயே சாயங்காலம் ஒவ்வொரு அம்மாவும் ஒரு கிண்ணத்துல கொழம்பு ஊத்தி பக்கத்து வீட்டுக்கு குடுத்து விடுவாங்க, பசங்க சந்துல குறுக்கும் நெடுக்கும் ஓடுவாங்க, கடைசியில எல்லா வீட்லயும் எல்லார் சமையலும் இருக்கும். அதப் பாக்கவே எனக்கு ஆசையா இருக்கும்.

குறைன்னு பாத்தா ஒண்ணு இருக்கு. டக்சன் யாரக் கட்டிக்கப் போறாங்கிறத ரொம்ப இழுத்துட்டாங்க, ஒரு பையனோட மனசு அதுல பாதியில விட்ட மாதிரி ஆயிடுச்சு, அது எனக்கு இன்னும் வருத்தம்தான்.

(முழுசா பாக்காதவங்க இந்த பாராவ விட்ருங்க.) போராவுக்கும் அதே சந்துல இருக்குற சன்-வூவுக்கும் கல்யாணப் பேச்சு வரும்போது வீட்ல ஏன் அவ்வளவு எதிர்ப்புன்னு நெறைய பேருக்குப் புரியாது. ரெண்டு பேருக்கும் ஒரே குடும்பப் பேரு, ஒரே பூர்வீகம், நம்ம ஊர்ல ஒரே குலத்துல பங்காளின்னு சொல்லி கட்ட மாட்டாங்கள்ல, அதே கதை. அங்க அது வெறும் வழக்கம் இல்ல, சட்டமாவே இருந்துச்சு, 1997லதான் அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லாதுன்னு சொல்லுச்சு.

மழைக்காலம்:
எல்லாருக்கும் நன்றி. நேத்து ராத்திரி மிச்சத்தப் பாத்துட்டேன். பெரியண்ணன் வாசல்ல வந்து நின்னதும் அதுவரைக்கும் சிரிச்சிட்டிருந்த தம்பி தங்கச்சிங்க எல்லாரும் அவரக் கட்டிப்பிடிச்சு அழறாங்க, டக்சன் ஓரமா நின்னு அத பாத்துட்டே இருக்கா. அந்த அப்பா மேல கோவப்பட்டத நெனச்சு எனக்கு அவ்வளவு கஷ்டமா போச்சு.

ஆனா அத விட என்ன ஒடச்சது அதுக்கப்புறம் வர்ற சின்ன சீன். டக்சன் அப்பா குடிச்சிட்டு வந்து, அதே சந்துல இருக்குற அம்மா இல்லாத பையன் தேக் கிட்ட உக்காந்து, உனக்கு அம்மா எப்பப்பா ரொம்ப தேடும்னு கேக்குறாரு. அவன் தினமும்னு ஒத்த வார்த்தைதான் சொல்றான்.

காங்கேயத்தான் அண்ணா, உங்க அப்பாவ கேட்டதா சொல்லுங்க. இன்னைக்கு அம்மாவ உக்கார வச்சு முதல் எபிசோட்ல இருந்து திரும்ப போடப் போறேன். அந்த முட்டை சீன் வரும்போது அவங்க மூஞ்சியப் பாக்கணும்.

தாமிரபரணி:
அஞ்சாவது எபிசோட அம்மா கூட பாக்கும்போது மட்டும் பக்கத்துல துண்டு வச்சுக்கோங்க. சன்-வூவோட அம்மா, தன்னோட அம்மா பாக்க வர்றாங்கன்னு தெரிஞ்சதும் வீட்ல எல்லாம் நெறஞ்சிருக்குற மாதிரி காட்டிக்க அக்கம்பக்கத்துல அரிசியும் அடுப்புக்கரியும் கடன் வாங்கி அடுக்குவாங்க. பாட்டி எல்லாத்தையும் பாத்துட்டு ஒண்ணுமே கேக்காம கெளம்பிப் போவாங்க. போனப்புறம்தான் அவங்க வச்சிட்டுப் போன கவர் கைக்கு வரும்.