ஸ்பெல்லிங் பீ: பட்டியலைத் தாண்டி எப்படிப் படிக்க வைப்பது?

எல்லாருக்கும் வணக்கம். டாலஸ் பக்கம் இருக்கிறோம். மகள் ஆறாம் வகுப்பு, பள்ளியில் நடந்த ஸ்பெல்லிங் பீயில் (ஆங்கிலச் சொற்களை எழுத்துக்கூட்டிச் சொல்லும் போட்டி) ஜெயித்துவிட்டாள், அடுத்து வட்டாரப் போட்டி. அதில் வென்றால்தான் அமெரிக்க அளவில் நடக்கும் ஸ்கிரிப்ஸ் தேசியப் போட்டிக்குப் போக முடியும். ஸ்கிரிப்ஸ் தரும் 4,000 சொல் பட்டியல் அவளுக்கு ஓரளவு கைவந்துவிட்டது. ஆனால் கடைசிச் சுற்றுகளில் பட்டியலை விட்டுவிட்டு மெரியம்-வெப்ஸ்டர் பேரகராதியில் எங்கிருந்து வேண்டுமானாலும் கேட்கலாம் என்கிறார்கள், அங்கேதான் சிக்கல். கிரேக்க, லத்தீன் வேர்களைச் சட்டென்று பிடித்துக்கொள்பவள், பிரெஞ்சுச் சொல் என்று மேடையில் சொல்லை வாசிப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகும் ஒலிக்காத எழுத்துகளில் திணறுகிறாள். இதற்கு நீங்கள் எப்படிப் பயிற்சி கொடுத்தீர்கள்? சொல்லின் பொருள் கேட்கும் சுற்றுக்குத் தனியாகப் படிக்க வேண்டுமா, இல்லை வாசிப்பே போதுமா?

இன்னொன்று. எட்டாம் வகுப்பைத் தாண்டிவிட்டதால் இனி போட்டியில் கலந்துகொள்ள முடியாத அண்ணனோ அக்காவோ யாராவது வாரக்கடைசியில் அரை மணி நேரம் ஜூமில் சொற்களைச் சொல்லிக் கேட்டால் பெரிய உதவி. கட்டணம் தரத் தயார். எங்கள் உச்சரிப்பில் கேட்டுப் பழகி மேடையில் அவள் குழம்பிவிடக் கூடாது, அதுதான் என் கவலை.