ஸ்பானிஷ் குதிரை, ஆங்கில விளம்பரம்

ஸ்பெயினில் செவில் பக்கம் ஒரு குதிரைப் பண்ணை. விற்பனைப் பட்டியலை ஸ்பானிஷிலிருந்து ஏற்கெனவே ஆங்கிலமாக்கி வைத்திருந்தார்கள். திருத்தித் தரும் வேலை மட்டும் எனக்கு வந்தது. இலக்கணம் சுத்தம். ஆனால் இங்கிலாந்தில் யாரும் அப்படிப் பேசிக் குதிரை விற்க மாட்டார்கள்.

குதிரையின் நிறத்தைச் சொல்லும் 'காபா தோர்தா' என்பதை அகராதிப்படி 'த்ரஷ் பறவை நிற மேலங்கி' ஆக்கியிருந்தார்கள். ஆங்கிலத்தில் அது வெறும் 'கிரே'. கருமையாகப் பிறந்து, வயது ஏற ஏற நரைத்துப் பால்வெள்ளையாகவே நின்றாலும் குதிரைக்காரர்களுக்கு அது கிரேதான். 'வொயிட்' என்று எழுதினால், எழுதியவர் லாயத்துப் பக்கமே போனதில்லை என்று தெரிந்துவிடும்.

உயரம்தான் பெரிய தொல்லை. ஸ்பெயினில் 1.68 மீட்டர் என்பார்கள். ஆங்கிலத்தில் ஹேண்ட்ஸ் கணக்கு, ஒரு ஹேண்ட் 4 அங்குலம். கால்குலேட்டரில் வகுத்து 16.5 என்று போட்டிருந்தார்கள். அது ஏதோ தசமம் மாதிரி தெரியும், ஆனால் புள்ளிக்குப் பின்னால் வருவது அங்குலம். 168 சென்டிமீட்டர் சுமார் 66 அங்குலம், அதாவது 16 ஹேண்ட் 2 அங்குலம், எழுதுவது 16.2. மூன்றுக்கு மேல் போனால் அடுத்த ஹேண்ட் ஆகிவிடும், அதனால் 16.5 என்று ஒரு குதிரையே கிடையாது!

அப்புறம் 'தோமாதோ'. 'டேம்ட்' என்று இருந்தது, சர்க்கஸ் சிங்கம் மாதிரி. சேணம் போட்டு ஆள் ஏறிப் பழக்கிய இளங்குதிரையை பிரிட்டனில் 'பேக்ட்' என்பார்கள், அமெரிக்காவில் 'ஸ்டார்ட்டட்'. 'நோப்ளே' என்பது குணம், பரம்பரைப் பெருமை இல்லை. 'கைண்ட்', 'ஹானஸ்ட்' என்றால் வாங்குபவருக்குப் புரியும். இதையெல்லாம் நான் எடுத்தது அகராதியிலிருந்து இல்லை, பிரிட்டிஷ் விற்பனை விளம்பரங்களை உட்கார்ந்து படித்துத்தான்.

மறுமொழி:
சில சமயம் சொல்லுக்குச் சொல் போட்டாலே சரியாக அமைந்துவிடும். காயடிக்காத குதிரையை ஸ்பானிஷில் 'எந்தெரோ' என்பார்கள், பிரிட்டிஷ் பேச்சிலும் 'என்டைர்' உண்டு. அமெரிக்கருக்கு என்றால் 'ஸ்டாலியன்' என்றே போடுங்கள். எனக்குச் சிக்கியது 'ரெகொனோசிமியெந்தோ தே கொம்ப்ரா'. வாங்குமுன் கால்நடை மருத்துவர் செய்யும் சோதனை அது. என்னிடம் வந்த ஒப்பந்தத்தில் 'கொள்முதல் அங்கீகாரம்' என்ற பொருளில் ஆங்கிலம் இருந்தது. பிரிட்டனில் 'வெட்டிங்', அமெரிக்காவில் 'ப்ரீ-பர்ச்சேஸ் எக்ஸாம்'. வாங்குபவர் எந்த நாடு என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், பாதி வேலை மிச்சம்.