மனோரமா ஆச்சியின் மேடை நாட்கள்: உங்களிடம் ஏதாவது இருக்கிறதா?

வணக்கம். ராயபுரத்தில் எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் சேர்ந்து மனோரமா ஆச்சியின் வாழ்க்கையை அரை மணி நேர நாடகமாகப் போடுகிறார்கள். எழுதுவது நான்.

சினிமாப் பகுதிக்குக் குறைவில்லை. 1958இல் ‘மாலையிட்ட மங்கை’, 1968இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் ஜில் ஜில் ரமாமணி வேடம், ஆயிரம் படங்களுக்குக் கின்னஸ், 2002இல் பத்மஸ்ரீ. ‘வா வாத்தியாரே ஊட்டாண்ட’ பாட்டை ஒரு காசிமேட்டுப் பெண் இடுப்பில் கைவைத்துப் பாடினால், ஒத்திகை பார்க்க வந்த பாட்டிகளும் கூடவே பாடுகிறார்கள். மன்னார்குடியில் பிறந்தவருக்கு நம்ம ஏரியாப் பேச்சு அப்படி வாய்த்தது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

சிக்கல் சினிமாவுக்கு முந்தைய மேடைக் காலத்தில்தான். ‘பள்ளத்தூர் பாப்பா’ என்று பேர் வாங்கியது, அப்புறம் நடிகர் எஸ்.எஸ். ராஜேந்திரனின் எஸ்.எஸ்.ஆர். நாடக மன்றத்தில் நடித்தது. அந்த நாடக நோட்டீஸ், டிக்கெட், போட்டோ எதுவும் வீட்டுப் பரணில் இருந்தால் படமெடுத்து இங்கே போடுங்கள். அசல் வேண்டாம். அவரை மேடையில் நேரில் பார்த்த பெரியவர்கள் வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் இருந்தாலும் சொல்லுங்கள், வீட்டுக்கே வந்து கேட்டுக்கொள்கிறேன். எந்த வசனத்துக்குக் கைதட்டல் விழுந்தது, எப்படி நடந்து வந்தார், அவ்வளவு தெரிந்தாலே ஒரு காட்சி எழுதிவிடுவேன். பொங்கலுக்கு முன்னால் கிடைத்தால் பெரிய உதவி.