26 கிலோ சிப்பம், 10 கிலோ பை, சில்லறை: எதில் வாங்கினால் கட்டுப்படியாகும்?

கேள்வி: நாமக்கல் மெஸ்

எல்லாருக்கும் வணக்கம். நாமக்கல்லில் வீட்டிலேயே சின்னதாக மெஸ் நடத்துகிறேன். மதியச் சாப்பாடு மட்டும்தான். வருவது பெரும்பாலும் லாரி பாடி கட்டும் பட்டறைப் பையன்கள். சாப்பாட்டு விலையை ஏற்ற மனசு வரவில்லை, அதனால் மளிகையில் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறேன். ஆனால் ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு அளவில் வருகிறது. போன வாரம் விசாரித்து எழுதி வைத்த விலைகள் இவை:

பொன்னி புழுங்கல் அரிசி: 26 கிலோ சிப்பம் 1,430 ரூபாய், 10 கிலோ பை 590, 5 கிலோ பை 310, சில்லறையில் கிலோ 58.
செக்குக் கடலை எண்ணெய்: பக்கத்துத் தெருச் செக்கில் கிலோ 260, பஸ் ஸ்டாண்டு பக்கத்துச் செக்கில் லிட்டர் 245.
சூரியகாந்தி எண்ணெய் கவர்: 1 லிட்டர் 172, இன்னொரு கம்பெனியில் 850 மில்லி 152.
துவரம்பருப்பு: அரை கிலோ 84, ஒரு கிலோ 164.

பருப்பு புரிகிறது. எண்ணெயில்தான் குழம்பி நிற்கிறேன். பெரிசாக வாங்கினால் எப்போதும் லாபம் என்று நாத்தனார் சொல்கிறார், அது சரிதானா? பாக்கெட்டில் யூனிட் விலை என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கிறார்களே, அதை மட்டும் பார்த்து வாங்கலாமா? மகள் ஏழாவது படிக்கிறாள், நேர் விகிதம் பாடம் நடக்கிறது. அவளை வைத்தே கணக்குப் போடலாம் என்று இருக்கிறேன். அவளுக்கும் புரிகிற மாதிரி சொன்னால் நல்லது.

பதில்: மளிகை, விருதுநகர்

சகோதரி, எந்த அளவில் வந்தாலும் முதலில் அதை ஒரு கிலோவுக்கு இறக்கிவிடுங்கள். விலையை எடையால் வகுத்தால் போதும். சிப்பம் 1,430ஐ 26ஆல் வகுத்தால் 55. பத்து கிலோ பை 59. ஐந்து கிலோ பை 62. சில்லறை 58. பாருங்கள், 10 கிலோ பையைவிடச் சில்லறை ஒரு ரூபாய் மலிவு. பெரிசு என்றாலே லாபம் என்பது இங்கேயே அடிபட்டுப் போகிறது.

இதற்குப் பின்னால் வரி இருக்கிறது. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை பையில் அடைத்து லேபிள் போட்டு விற்கிற அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. 25 கிலோவைத் தாண்டிய பைக்குக் கிடையாது. அதுவரை சிப்பம் என்றால் 25 கிலோதான். அப்புறம்தான் மில்காரர்கள் 26 கிலோவாகப் போட ஆரம்பித்தார்கள். உங்கள் கிலோ 55 அரிசியையே 25 கிலோ பையில் போட்டால் 1,375 ரூபாய், வரியோடு 1,443 ரூபாய் 75 காசு. 26 கிலோவோ 1,430. ஒரு கிலோ குறைவாக எடுத்துப் போகிறவர் பதினான்கு ரூபாய் கூடுதலாகக் கொடுக்கிறார்! மூட்டையைப் பிரித்து நாங்கள் நிறுத்துக் கொடுக்கிற சில்லறைக்கும் இந்த வரி வராது. கையில் இருக்கிற காசுக்கு ஐந்து கிலோ பை வாங்கிப் போகிற குடும்பம்தான் வரியைச் சுமக்கிறது. கல்லாவில் உட்கார்ந்து இதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. அதனாலேயே கேட்கிறவர்களிடமெல்லாம் சில்லறையாக வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

இப்போது எண்ணெய். கிலோவையும் லிட்டரையும் நேராகப் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது. எண்ணெய் தண்ணீரைவிட லேசு. ஒரு லிட்டர் கடலை எண்ணெயைத் தராசில் வைத்தால் ஏறக்குறைய 910 கிராம்தான் வரும். கவர் எண்ணெய் வீட்டில் இருந்தால் திருப்பிப் பாருங்கள், 1 லிட்டருக்குப் பக்கத்தில் 910 கிராம் என்று போட்டிருக்கும். ஆகவே 245ஐ 0.91ஆல் வகுக்க வேண்டும். கிலோ 269 ரூபாய் வருகிறது. பக்கத்துத் தெருவில் 260. பதினைந்து ரூபாய் குறைச்சல் என்று பஸ் ஸ்டாண்டு வரை போனால், உண்மையில் கிலோவுக்கு ஒன்பது ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட்டு வருவீர்கள்.

எண்ணெயை எப்போதும் எடையில் ஒப்பிடச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. எண்ணெய் சூட்டில் விரியும். சூடாக இருக்கும்போது அளந்த ஒரு லிட்டரில் எடை குறையும். முன்பு சில கவர்களில் இத்தனை டிகிரியில் இத்தனை மில்லி என்று வெப்பநிலையையும் சேர்த்துப் போடுவார்கள். 2022இல் ஒன்றிய அரசு, வெப்பநிலையைப் போடாமல் அளவையும் எடையையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள் என்று கம்பெனிகளுக்குச் சொன்னது. எடையைப் பார்த்து வாங்கினால் இந்தக் குழப்பம் எதுவும் நம்மைத் தொடாது.

850 மில்லி கவர்: 152ஐ 0.85ஆல் வகுத்தால் லிட்டர் கிட்டத்தட்ட 179. முழு லிட்டர் 172. தட்டில் அடுக்கி வைத்திருக்கும்போது இரண்டும் ஒரே உயரமாகத் தெரியும். முன்பெல்லாம் எண்ணெய் மாதிரிப் பொருள்களை இன்னின்ன அளவில்தான் அடைக்க வேண்டும் என்று விதியிலேயே பட்டியல் இருந்தது. 2021இல் வந்த திருத்தம் அந்தப் பட்டியலை எடுத்துவிட்டு, யூனிட் விலையை அச்சடிக்க வேண்டும் என்று கொண்டுவந்தது. நீங்கள் பார்த்த பொடி எழுத்து அதுதான்.

அதை மட்டும் பார்த்து வாங்கலாமா என்று கேட்டீர்கள். பாருங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராம் கணக்கில் இருக்கும், கூடினால் கிலோ கணக்கில் இருக்கும். கிராம் விலையை ஆயிரத்தால் பெருக்கினால்தான் ஒப்பிட முடியும். அந்த எண்ணும் இரண்டு தசம இடத்தோடு நின்றுவிடும். உங்கள் அரை கிலோ பருப்பு கிராமுக்கு 0.168 ரூபாய், அச்சில் 0.17 என்று வரும். கிலோ 165 ரூபாய் பருப்பும் 0.17தான், 174 ரூபாய் பருப்பும் 0.17தான். அப்புறம், அது எம்.ஆர்.பி.யை வைத்துப் போட்ட கணக்கு. கடையில் தள்ளுபடி கொடுத்தால் அந்த எண் உதவாது, பில்லில் விழும் தொகையை நீங்களே வகுத்துப் பார்க்க வேண்டியதுதான்.

நாத்தனாரிடம் சொல்ல ஒன்று: ஷாம்பு. என் கடையில் ஒரு ரகம், 6 மில்லி சாஷே 2 ரூபாய், மில்லிக்கு 33 காசு. அதே ஷாம்பு 180 மில்லி பாட்டில் 150 ரூபாய், மில்லிக்கு 83 காசு. கடலூர் சின்னி கிருஷ்ணன் யோசித்த சாஷே முறையில் அவருடைய பிள்ளைகள் ஷாம்பு போட்டு அன்றாடக் கூலிக்காரர்கள் கைக்கும் எட்ட வைத்தார்கள். இன்றைக்கும் பல ரகங்களில் சாஷேதான் மலிவு.

பதில்: கணக்கு டீச்சர்

மளிகை அண்ணா சொன்னதை அப்படியே மகளுக்குப் பாடமாக்கலாம். ஒரு வரைபடத் தாள் எடுக்கச் சொல்லுங்கள். குறுக்கே கிலோ, மேலே ரூபாய். சில்லறை அரிசியை முதலில் குறிக்கட்டும்: 1 கிலோ 58, 2 கிலோ 116, 5 கிலோ 290, 10 கிலோ 580. புள்ளிகளைச் சேர்த்தால் ஆதிப்புள்ளியிலிருந்து கிளம்புகிற நேர்கோடு வரும். எந்தப் புள்ளியை எடுத்து விலையை எடையால் வகுத்தாலும் 58தான். பாடத்தில் k என்று வருவது இந்த மாறாத எண்தான்.

இப்போது அதே தாளில் பைகளை வைக்கச் சொல்லுங்கள். 5 கிலோ 310: கோட்டுக்கு 20 ரூபாய் மேலே. 10 கிலோ 590: பத்து ரூபாய் மேலே. 26 கிலோ 1,430: கோடு 1,508இல் இருக்கும், ஆக 78 ரூபாய் கீழே. மேலே விழுந்தால் சில்லறையைவிட விலை கூட, கீழே விழுந்தால் மலிவு. வகுக்காமலே கண்ணுக்குத் தெரிந்துவிடும். என் வகுப்பில் கணக்கு என்றாலே ஒதுங்குகிற பிள்ளைகள்கூட இந்தத் தாளை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள்.

நேர் விகிதம் இல்லாத ஒன்றையும் காட்டுங்கள், அப்போதுதான் பாடம் நிற்கும். 2013இல் அரசு நிர்ணயித்த ஆட்டோ கட்டணத்தை எடுத்துக்கொள்ளலாம்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12. ஐந்து கிலோமீட்டருக்கு 63.40, பத்துக்கு 123.40. தூரம் இரட்டித்தது, கட்டணம் இரட்டிக்கவில்லை. கோடு ஆதிப்புள்ளியைத் தொடாது. ‘ஏன் தொடவில்லை?’ என்று அவளிடமே கேளுங்கள், குறைந்தபட்சக் கட்டணத்தை அவளே கண்டுபிடிப்பாள்.

நாமக்கல் மெஸ்

அண்ணாவுக்கும் டீச்சருக்கும் ரொம்ப நன்றி. மகள் தாளில் போட்டுவிட்டாள், 26 கிலோ புள்ளி தனியாகக் கீழே கிடப்பதைப் பார்த்து அவளுக்கு ஒரே ஆச்சரியம். ஆட்டோ கணக்கு நாளைக்கு. எண்ணெய் இனிமேல் பக்கத்துத் தெருவில்தான். இன்னொரு சந்தேகம். சிப்பத்திலேயே புது அரிசி கிலோ 55, பழைய அரிசி கிலோ 59 என்று இரண்டு ரகம் சொல்கிறார்கள். மெஸ்ஸுக்கு 55தானே சரி?

பதில்: சமையல் மாஸ்டர், தஞ்சாவூர்

அவசரப்படாதீங்க அம்மா. நீங்கள் விற்பது அரிசி இல்லை, சாப்பாடு. ஆகவே கிலோவோடு நிற்காமல் ஒரு இலைக்கு என்ன விழுகிறது என்று பாருங்கள்.

பழைய அரிசி தண்ணீரை நன்றாக இழுக்கும், பொலபொலவென்று வரும், சாதம் அதிகம் காணும். புது அரிசி குழைந்துவிடும். பையன்கள் சாப்பிடுகிற அளவில் புது அரிசி ஒரு கிலோ எட்டு பேருக்கு வருகிறது, பழையது ஒன்பது பேருக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 55ஐ எட்டால் வகுத்தால் ஒரு சாப்பாட்டுக்கு 6 ரூபாய் 88 காசு. 59ஐ ஒன்பதால் வகுத்தால் 6 ரூபாய் 56 காசு. நூறு சாப்பாட்டில் 32 ரூபாய் மிச்சம், சாதமும் பார்க்க நன்றாக இருக்கும்.

எட்டும் ஒன்பதும் நான் உத்தேசமாகச் சொன்னது. இரண்டு ரகத்திலும் ஒவ்வொரு கிலோ வாங்கி, ஒரே அளவு பாத்திரத்தில் தனித்தனியாக வடித்து, நீங்கள் வழக்கமாகப் பரிமாறும் கரண்டியால் எண்ணிப் பாருங்கள். உங்கள் அடுப்பில் வருகிற எண்தான் உங்கள் கணக்கு. பருப்புக்கும் இதையே செய்யலாம். சீக்கிரம் கரைகிற பருப்பில் கேஸும் மிச்சம்.

காய்கறியில் ஒன்று கவனியுங்கள். பீன்ஸ், கேரட் எல்லாம் ‘கால் கிலோ 20’ என்று சொல்வார்கள், காதுக்குக் குறைவாகக் கேட்கும். நாலால் பெருக்கிவிட்டுப் பேரம் பேசுங்கள், கிலோ 80. கூறு கட்டி வைத்த தக்காளி என்றால் ஒரு கூறைத் தராசில் போடச் சொல்லிவிட்டு அப்புறம் விலையைக் கேளுங்கள்.

சென்னை ரூம்

நடுவில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். நான் தனியாக இருக்கிறேன், இரவு மட்டும் சமையல், மாதம் மூன்று கிலோ அரிசி போகும். 78 ரூபாய் மிச்சம் என்றால் நானும் சிப்பம் வாங்கலாமா மளிகை அண்ணா?

பதில்: மளிகை, விருதுநகர்

வேண்டாம் தம்பி. 26 கிலோ தீர உங்களுக்கு எட்டு மாதத்துக்கு மேல் ஆகும். சில்லறையோடு பார்த்தால் மொத்த மிச்சமே 78 ரூபாய், அது 55 ரூபாய் அரிசியில் ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. மழைக்காலத்தில் ரூமில் வைத்த சிப்பத்தில் வண்டு விழுந்து அவ்வளவு வீணாக எத்தனை நாள் ஆகும்? சகோதரிக்கு மெஸ்ஸில் ஒரு சிப்பம் சில நாளில் தீர்ந்துவிடும், அவருக்குச் சரி. நீங்கள் மாதாமாதம் மூன்று கிலோ சில்லறையில் வாங்குங்கள், 174 ரூபாய். ஐந்து கிலோ பை மட்டும் எடுக்காதீர்கள்.

மாஸ்டர் சொன்னது ரொம்பச் சரி. சகோதரி, வடித்துப் பார்த்துவிட்டு எத்தனை கரண்டி வந்தது என்று இங்கேயே எழுதுங்கள். என் கடைக்கு வருகிற மெஸ்காரர்களுக்கும் சொல்ல வேண்டும்.